கோடையில் நிரம்பி நிற்கும் நீர்த்தேக்கத்தில் பாஸ் மீனை எங்கே தேடுவது?

கேள்வி இது: "ஜூலையில் ஒரு வாரம், ஆர்கன்சா, மிசூரி மாநில எல்லையில் இருக்கும் புல் ஷோல்ஸ் நீர்த்தேக்கத்தில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன். நீர்மட்டம் வழக்கத்தைவிட 25 அடி உயர்ந்து நிற்கிறதாம். போன கோடைகளில் மீன் கிடைத்த இடங்கள் எல்லாம் ஆழத்தில் போய்விட்டன. கரை முழுக்க மூழ்கிய புதர். எங்கிருந்து தொடங்குவது?"

படகை இறக்கும் முன் நீர்மட்டக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அணையை நிர்வகிக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு நாள்தோறும் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. இன்றைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடந்த ஒரு வாரத்து எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். தண்ணீர் ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா? 25 அடி என்ற உயரம் இப்போது கரை எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். மீன் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது தண்ணீரின் போக்கு. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

தண்ணீர் ஏன் இத்தனை வாரம் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புல் ஷோல்ஸின் வழக்கமான நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 659 அடி. அதற்கு மேலே 695 அடி வரை உள்ள இடம் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதற்காகவே ஒதுக்கப்பட்டது. அதாவது, நீங்கள் பார்க்கப்போகும் உயர்ந்த நீர் இந்த அணைக்கு நேர்ந்த விபத்து அல்ல. அது கட்டப்பட்ட காரணங்களில் முதன்மையானதே அதுதான். மேலே பீவர், டேபிள் ராக் அணைகளிலிருந்து திறந்துவிடப்படும் நீர் இங்கே வந்து சேர்கிறது. கீழே, இந்த அணை குறுக்கே நிற்கும் வைட் ஆற்றின் கரையில் பரந்த விளைநிலங்கள் இருக்கின்றன. அந்தக் கரையிலுள்ள நியூபோர்ட் நகரில் ஆற்றின் மட்டம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால்தான் இங்கிருந்து அதிகமாகத் திறந்துவிட முடியும். அதனால் வசந்தத்தில் பெய்த மழை ஆகஸ்ட் வரைகூட ஏரியிலேயே தேங்கி நிற்கும். 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வெள்ளக் கொள்ளளவு முழுவதும் நிரம்பி 695 அடியைத் தொட்டது. வழக்கமான மட்டத்தில் 45,000 ஏக்கருக்குச் சற்று மேல் பரப்புள்ள ஏரி, முழுவதும் நிரம்பும்போது 71,000 ஏக்கருக்கு விரிந்துவிடும். மீனின் எண்ணிக்கை மாறவில்லை. அது ஒளிந்துகொள்ளும் இடம் மட்டும் பெருகிவிட்டது. முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த ஏரியில் பாஸ் மூன்று வகை: பெருவாய், சிறுவாய், புள்ளி பாஸ். உயர்ந்த நீரில் இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பெருவாய் பாஸில் கணிசமான பங்கு புதருக்குள் போய்விடும். புள்ளி பாஸும் சிறுவாயும், பெருவாயில் மீதியும், ஷாட் (shad) என்ற சிறு இரைமீன் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆழமான திறந்த நீரிலேயே இருக்கும். ஆக உங்கள் முன் இருப்பது இரண்டு வேட்டைகள். ஒரு நாளில் இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்வதைவிட, காலையில் ஒன்று, வெயில் ஏறிய பிறகு மற்றொன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது.

முதலில் புதர். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் பாஸ் அதன் விளிம்போடு சேர்ந்து நிலத்துக்குள் நகரும். புதிதாக நனையும் மண்ணிலிருந்து மண்புழு, வெட்டுக்கிளி, பூச்சி எல்லாம் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்ன புளூகில் போன்ற சிறு மீன்கள் வருகின்றன. அவற்றைத் தின்ன பாஸ் வருகிறது. முழங்கால் அளவு தண்ணீரில்கூட மூன்று, நான்கு பவுண்டு மீன் நிற்கும். புதர்க்காட்டின் வெளி விளிம்பில் படகை ஓட்டிக்கொண்டு இரையை வீசுகிறவர்கள் இந்த நாட்களில் மீனின் முதுகுப் பக்கத்தில்தான் மீன் பிடிக்கிறார்கள். எந்த அளவுக்கு உள்ளே போக முடியுமோ அந்த அளவுக்குப் போங்கள். களை தடுக்கும் முள்ளுள்ள ரப்பர் தவளை, நீர்மேல் கடகடவென்று ஓடும் பஸ்பெய்ட், கலங்கல் நீராக இருந்தால் பெரிய தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட் ஆகியவை போதும். ஆனால் ஏறும் நீரில் மீன் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் ஒன்று கிடைத்தால் அங்கேயே பத்து கிடைக்கும் என்று நிற்காதீர்கள், நகர்ந்துகொண்டே இருங்கள்.

தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது என்றால் நிலைமை முற்றிலும் வேறு. எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிலைதான், ஏனென்றால் மீனுக்கு இப்போது இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள நேரம் கிடைத்திருக்கிறது. அது எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்கலாம். ஆயிரம் புதர் இருக்கும், அதில் ஐம்பதில்தான் நல்ல மீன் இருக்கும். ஆழம் அருகில் இருக்க வேண்டும்: புதருக்குப் பின்னால் ஐந்து அடி, முன்னால் இரண்டு படகு நீளத்தில் இருபது அடி என்று நிலம் இறங்குகிற இடம். நிலமுனையின் நுனியில் நிற்கும் புதர், பழைய ஓடைப் பள்ளம் வளைந்து கரையை உரசும் இடத்தில் இருக்கும் புதர், தனியாக நிற்கும் புதர் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. தரையிலிருந்தே சடையாகப் படர்ந்ததைவிட, மேலே குடை போல விரிந்து, கீழே அடிமரத்தைச் சுற்றி வெற்றிடம் உள்ள புதர் மேலானது. அந்த நிழலுக்குள் மீன் திரும்ப இடம் வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. நிலத்தில் வளர்ந்த புல்லும் இலையும் வாரக்கணக்கில் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, அதிலும் இருப்பது போய்விட்டால் பாஸ் அங்கே நிற்காது. குடாவின் கடைக்கோடியில், காற்றே படாத மூலையில், தண்ணீர் தேநீர் நிறமாகவும் மேலே எண்ணெய்ப் படலம் போலவும் தெரிந்து, துடுப்பால் கலக்கும்போது குமிழியும் நாற்றமும் எழுந்தால் திரும்பிவிடுங்கள். மே மாதத்தில் அதே மூலை பொன் விளையும் இடமாக இருந்திருக்கலாம். ஜூலையில் அது வெறும் குட்டை. காற்று அடிக்கும் கரை, ஊற்று நீரோ ஓடை நீரோ வந்து சேரும் வாய், ஏரியின் முக்கிய உடலை ஒட்டிய புதர் வரிசை ஆகிய இடங்களில் ஆக்சிஜன் இருக்கும். புதரின் இலைகளுக்கிடையே புளூகில் குஞ்சுகள் வாயால் 'டப், டப்' என்று பூச்சி கொத்தும் ஓசை கேட்டால் அந்த இடத்தை விடாதீர்கள்.

புதருக்குள் இரை வைக்கும் முறை வீச்சு அல்ல. பத்துப் பதினைந்து அடி தூரத்தில் படகை நிறுத்தி, கோலை முன்னும் பின்னும் ஆட்டி, இரையைத் தாழ்வாக, சத்தமில்லாமல் ஓட்டைக்குள் இறக்க வேண்டும். கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வடிவ ரப்பர் இரை அல்லது பருத்த ரப்பர்ப் புழு. முள்ளின் நுனியை ரப்பருக்குள் புதைத்துக் கோத்தது. அதற்கு முன்னால் கால் முதல் அரை அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, இரையை விட்டு விலகாதபடி நரம்பில் சிறு ரப்பர்த் தடை. தெளிந்த நீரில் 20 பவுண்டு இழுவை தாங்கும் புளூரோகார்பன் நரம்பு, கலங்கல் நீரில் 50 பவுண்டு பின்னல் நரம்பு. இரை இறங்கும்போது நரம்பைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடிகள் கையில் தெரியாது. நரம்பு இறங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று ஐந்து அடி ஆழத்துக்குரிய நரம்பு இரண்டு அடியிலேயே நின்றுவிடும். அல்லது ஓரமாக நகரத் தொடங்கும். அதுதான் கடி. சுண்டி இழுத்த அதே வேகத்தில் மீனின் தலையை மேலே திருப்பிவிட வேண்டும். ஒரு முறை அது அடிமரத்தைச் சுற்றிவிட்டால் நரம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. சுற்றிவிட்டது என்று தெரிந்தால் இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்தாமல் படகை மீனிடம் கொண்டுபோங்கள்.

அணையில் மின்னாக்கிகள் முழுவீச்சில் ஓடி, தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது மூன்றாவது நிலை. பாஸ் இறங்கும் நீரை நம்பாது. ஒரே நாளில் அரை அடி குறைந்தாலே, நேற்று புதரின் நடுவில் இருந்த மீன் இன்று வெளி விளிம்புக்கு வந்திருக்கும்; இறக்கம் தொடர்ந்தால் புதரை விட்டே வெளியேறி, முதல் சரிவின் விளிம்பில் உள்ள தனிமரத்தடியிலோ பாறையிலோ நிற்கும். இறங்கும் நீரில் புதருக்குள் இரை இறக்கி நாளை வீணாக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இருபது கெஜம் பின்னால் வந்து ஒரு ஜிக்கை (தலையில் குண்டு சேர்ந்த முள்) இழுத்திருந்தால் போதும். ஒரு நல்ல பக்கமும் இதற்கு உண்டு: மீன் வெளியே வரும்போது கூட்டமாகச் சேரும். ஒன்று கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள்.

இனி ஆழம். நீங்கள் கேட்ட "போன கோடை இடங்கள்" பற்றிய பதில் இங்கேதான் இருக்கிறது, எனவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

கோடையில் இப்படிப்பட்ட ஆழமான ஏரி அடுக்குகளாகப் பிரியும். மேலே வெதுவெதுப்பான, காற்றால் கலக்கப்பட்ட, ஆக்சிஜன் உள்ள நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று விழும் ஓர் அடுக்கு. கோடை முதிர முதிர அந்த அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். பாஸ் பெரும்பாலும் அதற்கு மேலேயோ அதை ஒட்டியோதான் நிற்கும். இந்த அடுக்கு எந்த ஆழத்தில் அமையும் என்பதை வெயிலும் காற்றும் நீரின் தெளிவும் மேற்பரப்பிலிருந்து தீர்மானிக்கின்றன, ஏரியின் தரையிலிருந்து அல்ல. ஏரி 25 அடி உயர்ந்தால் இந்த அடுக்கும் ஏறக்குறைய அதனுடன் மேலே வந்துவிடுகிறது. சாதாரண ஆண்டில் 25 அடி ஆழத்தில் மீன் தந்த உங்கள் பழைய சுள்ளிக் குவியல் இப்போது 50 அடியில், ஆக்சிஜன் குறைந்துவரும் குளிர்நீரில் கிடக்கிறது. மீன் அதை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டது.

அப்படியானால் இப்போது 25 அடியில் என்ன இருக்கிறது? பழைய கரை! சாதாரண ஆண்டுகளில் நீங்கள் நடந்த சரளைக் கரை, அலை அரித்த பாறைப்படி, புதர் முளைக்க முடியாமல் மொட்டையாகக் கிடந்த அந்த வளையம் ஏரி முழுக்க ஒரே ஆழத்தில் ஓடுகிறது. வரைபடக் கருவியில் 659 அடி மட்டக்கோட்டைத் தேடிப் பிடியுங்கள். அதில் எங்கே நிலமுனை நீண்டு, ஆற்றுப் பள்ளத்தை நோக்கி ஒரே பாய்ச்சலாக விழுகிறதோ அங்கே புள்ளி பாஸும் சிறுவாயும் நிற்க வாய்ப்பு அதிகம். உயர்நீரில் இந்தப் பழைய கரையைக் கோட்டுக்குக் கோடு பின்தொடர்வதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்லும் ஆலோசனை. வீட்டில் உட்கார்ந்தே வரைபடத்தில் பாதி வேலையை முடித்துவிடலாம்.

அடுக்கின் ஆழத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் சோனாரின் உணர்திறனைக் கூட்டி, ஆழமான இடத்தில் மெதுவாக ஓட்டினால், நடுநீரில் மங்கலான ஒரு பட்டை கிடைமட்டமாகத் தொடர்ந்து தெரியும். ஷாட் கூட்டங்கள் அதற்கு மேலே மேகம் மேகமாக இருக்கும். அந்தப் பட்டை 28 அடியில் என்றால், 28 அடிக்குக் கீழே நாள் முழுக்க இரை போடுவது வீண். 15 முதல் 28 அடிக்குள் தரையைத் தொடும் இடங்களை மட்டும் பாருங்கள். ஏரியின் மேல்கோடியிலும் அணைக்கருகிலும் இந்த ஆழம் வேறுபடும், ஆகவே இடம் மாறினால் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இங்கே இரை எளியது. தெளிந்த நீரில் 8 பவுண்டு நரம்பில், முள் மேலே குண்டு கீழே என்று கட்டும் டிராப் ஷாட். தரை சரளையாக இருந்தால் குண்டை முன்னால் விட்டு இரண்டடி பின்னால் புழுவை மிதக்கவிடும் கரோலினா முறை. பெருவாய் இருக்கும் இடமானால் பத்து அங்குல நீளவால் புழு. மூழ்கிய மர உச்சிகளில் அந்தரத்தில் நிற்கும் மீனுக்கு, ஸ்பூன் என்ற தட்டையான பெரிய உலோக இரையை மேலே தூக்கித் தளரவிட்டால் அது ஆடி ஆடி விழும்போது கவ்வும். மின்னாக்கம் நடக்கும் நேரத்தில் தண்ணீரில் லேசான ஓட்டம் உண்டாகும். அப்போது மீன் நிலமுனையின் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரை தேடும் மனநிலைக்கு வரும். மின் தேவை மிகும் வெயில் பிற்பகலில்தான் பல நாட்களில் இது நடக்கிறது, ஆகவே உச்சிவெயில் என்று கரைக்குத் திரும்பிவிட வேண்டாம்.

இரண்டு வேட்டைக்கும் நடுவே சில இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மிதவைப் படகுத்துறைகள். தண்ணீரோடு அவையும் ஏறுவதால் அவற்றின் நிழல் மாறுவதே இல்லை. புதர் ஏமாற்றும் நாளில் இவை கைகொடுக்கும். இன்னொன்று, மூழ்கிய முகாம் பூங்காக்கள். தார்ச்சாலை, கல்மேசை, அடுப்புக்கம்பி, அறிவிப்புப் பலகைக் கம்பம் என்று எல்லாம் நீருக்குள் நிற்கும். பழைய சாலையின் விளிம்பும் அதன் பள்ளமும் மீன் நகரும் வழி. மேசையின் அடியில் பெருவாய் பாஸ் நிற்பது சர்வசாதாரணம். ஆனால் அங்கே மெதுவாக, மின்மோட்டாரில் மட்டும் போங்கள். நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே நிற்கும் ஒரு கம்பம் படகின் அடியைக் கிழித்துவிடும். மிதக்கும் மரக்கட்டைகளும் அப்படித்தான். ஒரு முனை மட்டும் தெரிய செங்குத்தாக மிதக்கும் கட்டை தூரத்திலிருந்து தெரியவே தெரியாது.

இதனாலேயே இரவு மீன்பிடிப்பு பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மலைப்பகுதித் தெளிநீர் ஏரிகளில் கோடை இரவு அற்புதமான நேரம். புற ஊதா விளக்கில் ஒளிரும் நரம்பு, கறுப்பு ஸ்பின்னர்பெய்ட், கருநீலப் புழு என்று அதற்கு ஒரு தனி மரபே உண்டு. உயர்நீரிலும் அது பலிக்கும். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைச் சேர்ந்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிலமுனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடிந்த பிறகே வேகமாகத் திரும்புங்கள். உயிர்காப்புச் சட்டை உடம்பிலேயே இருக்கட்டும். பகலில் புதருக்குள் போகும்போது கிளைகளில் குளவிக்கூட்டையும் பாம்பையும் பார்த்துவிட்டுக் கோலை நீட்டுங்கள்.

புறப்படும் முன் எந்தப் படகு இறக்குதளங்கள் திறந்திருக்கின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 25 அடி உயர்வில் பல மூடியிருக்கும், பூங்காச் சாலைகளும் அடைபட்டிருக்கும். ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது, அனுமதிச்சீட்டும் மீன் நீள வரம்பும் நீங்கள் நிற்கும் நீரைப் பொறுத்து மாறலாம்.

கடைசியாக, பிடித்த மீன். ஜூலையில் மேல்நீர் 28, 30 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்த வெப்பத்தில் பிடித்த மீனை மணிக்கணக்காகப் படகின் தொட்டியில் வைத்திருந்து பிறகு நீரில் விட்டால், நீந்திப் போவது போலப் போய் அடுத்த நாள் செத்துவிடும். புகைப்படம் வேண்டுமென்றால் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள், உடனே விடுங்கள். முப்பது அடிக்கும் கீழேயிருந்து வேகமாக வந்த மீனின் காற்றுப்பை உப்பி, அது ஒருக்களித்து மிதக்கும். அப்படி ஆனால் தாடையில் எடை மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியால் கீழே அனுப்புங்கள். கை பழகாதவர்கள் ஊசியால் குத்திக் காற்றை எடுக்க முயல வேண்டாம். உயர்நீர் ஆண்டுகளில் மூழ்கிய புதருக்குள் குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைக்கின்றன. அவை நல்ல அளவுக்கு வளர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் கோடையில் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த ஆண்டுகளிலும் அங்கே போங்கள். அப்போது ஏரி 659க்குத் திரும்பியிருந்தால், குறித்த ஆழங்களிலிருந்து 25 அடியைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்; 25 அடிக்குள் குறித்தவை அப்போது கரைமேல் இருக்கும்.